பின்சீட்டில் வந்த மனிதர்

காலையில் கடைக்குப் போவதற்கு முன்பு ஷஹாபுதீன் காரை வாட்டர் வாஷ் செய்யும் இடத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். போன வேகத்திலேயே திரும்பி வந்துவிட்டார். அங்கே பின்கதவைத் திறந்து பார்த்த வேலையாள் முகம் மாறி, என்ன இது ரத்தமா, போலீஸ் கேஸா என்று கேட்டானாம். அடிபட்டுக் கிடந்த ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம் என்று இவர் சொன்னதும், இன்றைக்கு வண்டி நிறைய நிற்கிறது, வேறு இடம் பாருங்கள் என்று சொல்லிவிட்டு ஓஸ் பைப்பை இழுத்துக்கொண்டு அடுத்த காரின் பக்கம் போய்விட்டானாம். இதை மனைவி ஜீனத்துன்னிசாவிடம் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை. "நாமளே பண்ணிடலாம்" என்று மட்டும் சொல்லி, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுப் பனியனோடு வாசலுக்கு வந்தார்.

முல்லா வீதியில் அவர்கள் வீட்டு வாசலையொட்டி ஒரு சிறிய கார் நிற்க இடம் உண்டு. எதிர்வீட்டு மாடியின் நிழல் முற்பகல் வரை அங்கே விழும். அந்த நிழலில் காரின் நான்கு கதவுகளையும் திறந்து வைத்தார் ஷஹாபுதீன். நேரு வீதிப் பக்கம் பட்டனும் லேசும் லைனிங் துணியும் விற்கும் கடை அவருடையது. கடையில் ஒரு பட்டன் இடம் மாறி இருந்தால்கூட அவருக்குத் தூக்கம் வராது. காரும் அப்படித்தான். அதற்குள் யாரும் எதையும் சாப்பிடக்கூடாது. கடற்கரைக்குப் போய் வந்தால் மணலைத் தட்டிவிட்டுத்தான் காலை உள்ளே வைக்கவேண்டும். வெயில் மறைப்பின் மேல் கம்பெனிக்காரன் ஒட்டி அனுப்பிய பாலிதீனைக்கூட அவர் கிழிக்கவில்லை. அது தானாகப் பொடிந்து விழும்வரை அப்படியே இருந்தது.

அந்தக் காரின் பின்சீட்டில்தான் நேற்று ஒரு மனிதர் ரத்தத்தோடு கிடந்தார். ஓட்டி வந்தது ஜீனத்.

மகள் நூரீனைக் கட்டிக்கொடுத்து அவள் கோயமுத்தூருக்குப் போன பிறகு, பகல் நேரம் கையில் கனக்கத் தொடங்கியபோது ஜீனத் முதலியார்பேட்டையில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். ஷஹாபுதீன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. லைசென்ஸ் வந்ததும் சாவியை எடுத்து அவள் கைக்கு எட்டும் இடத்தில் மாட்டிவைத்தார், அவ்வளவுதான். நேற்று முதல் முறையாக அவள் தனியாகக் கடலூர்வரை போய் அக்காவைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். தவளக்குப்பம் சந்திப்பில் வண்டிகள் தேங்கி நின்றன. ஸ்கூட்டர் ஒன்று ரோட்டோரம் சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் தலை நரைத்த ஒருவர் மண்ணில் உட்கார்ந்தபடி, நெற்றியிலிருந்து வழிவதைக் கையால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆம்புலன்சுக்குச் சொல்லியாகிவிட்டது, இன்னும் வரவில்லை என்றார்கள். யாரோ அவளுடைய கார்க் கண்ணாடியைத் தட்டினார்கள். அவள் இறக்கினாள். என்ன யோசித்தாள் என்று பிற்பாடு கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. யோசிப்பதற்குள் அவரைத் தூக்கிப் பின்சீட்டில் படுக்கவைத்துவிட்டார்கள். பைக்கில் பின்னாலேயே வருகிறோம் என்று சொன்ன இரண்டு பேர் அரியாங்குப்பம் வரைக்கும்கூட வரவில்லை.

தூங்கவிடக்கூடாது என்று எங்கேயோ கேட்டிருந்த ஞாபகம். அதனால் அவள் பேசினாள். பேர் என்ன, எந்த ஊர், வீட்டில் யாருக்குச் சொல்லவேண்டும் என்று கேட்டாள். பதில் இல்லை. உள்கண்ணாடியில் பார்த்தால் கண் திறந்திருந்தது, அவளையே பார்த்தது. ஆனால் வாயிலிருந்து முனகலைத் தவிர எதுவும் வரவில்லை. கேள்விகள் தீர்ந்துபோன பிறகு அவள் தன்னைப் பற்றிப் பேசினாள். பேச்சை நிறுத்தினால் அவருடைய மூச்சும் நின்றுவிடும் என்பதுபோல் பேசிக்கொண்டே ஓட்டினாள். பாலம் தாண்டியபோது முனகலும் நின்றுவிட்டது. அப்போதும் அவள் நிறுத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பேர் கேட்டார்கள், அவர் சொல்லவில்லை. சட்டைப் பையில் போன் இல்லை, பர்ஸ் இல்லை. அங்கே இருந்த போலீஸ்காரர் ஜீனத்தின் நம்பரைக் குறித்துக்கொண்டு, நீங்கள் கிளம்பலாம் அம்மா, தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம் என்றார். தலையில் அடி, பேச்சு வரவில்லை என்று யாரோ யாரிடமோ சொன்னது மட்டும் அவள் காதில் விழுந்தது.

இருட்டும் நேரத்தில் கடையிலிருந்து வந்த ஷஹாபுதீன், போன் வெளிச்சத்தில் பின்சீட்டைப் பார்த்தார். உனக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டார். போலீஸ் நம்பர் வாங்கியதா என்று கேட்டார். பிறகு எதுவும் கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூட ஜீனத்துக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இப்போது அவர் ஒரு வாளியில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தார்.

"வெந்நீரு வேணாங்க. கறை புடிச்சிக்கும். பச்சத் தண்ணிதான்."

அவர் மறுபேச்சு இல்லாமல் வாளியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். ஜீனத் குளிர்ந்த தண்ணீரில் ஒரு கை உப்பைப் போட்டுக் கரைத்தாள். கால்மிதிகளை எடுத்து வெளியே சாய்த்து வைத்தார்கள். சீட்டின் மேல் போட்டிருந்த ரெக்ஸின் கவர் ஈரத் துணியால் துடைத்தவுடனே பளிச்சென்று ஆகிவிட்டது. அதைப் பார்த்து ஷஹாபுதீன், அவ்வளவுதான் போலிருக்கிறது என்றார். ஆனால் தையல் ஓடிய இடங்களில் ரத்தம் உள்ளே இறங்கியிருந்தது. அவள் பழைய பல்துலக்கும் பிரஷால் தையலைத் தேய்க்கத் தேய்க்க, காய்ந்து கறுத்தது இளகிச் சிவப்பாக வந்தது. வாளித் தண்ணீர் நிறம் மாறியது. அதைத் தெருவில் ஊற்றவேண்டாம் என்று இருவருக்குமே தோன்றியது. ஷஹாபுதீன் ஒவ்வொரு தடவையும் வாளியை உள்ளே தூக்கிக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வந்தார்.

கவரைக் கழற்றினார்கள். அதன் கீழே கம்பெனி போட்ட சாம்பல் நிறத் துணி. அதில் ஓர் உள்ளங்கை அளவுக்குக் கறை. துருப்பிடித்த இரும்பின் வாடை. ஜீனத் அதன்மேல் துணியை வைத்து அழுத்தினாள், எடுத்தாள், திரும்ப அழுத்தினாள். தேய்த்தால் பரவிவிடும். துணியை அழுத்தும்போது, ஒரு மனிதரின் நெற்றியைத் தொடுவதுபோல் அவளுக்குக் கை தயங்கியது. அவர் இப்போது இருக்கிறாரா, இல்லையா? போன் பண்ணிக் கேட்கலாம் என்றால் யாரைப் பற்றி என்று கேட்பது? பேர்கூடத் தெரியாது. காலையில் இரண்டு தடவை அவள் இதைக் கணவரிடம் சொல்ல வாயெடுத்தாள். அவர் சீட் பெல்ட்டை முழுக்க இழுத்து, உள்ளே ஓடிவிடாமல் ஒரு கிளிப்பைப் போட்டு, ஷாம்பு நுரையால் அங்குலம் அங்குலமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தால் பேசத் தோன்றவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மிக மெல்லிய கீச்சென்ற சத்தம். நின்றது, திரும்பக் கேட்டது.

பூச்சியாக இருக்கும் என்றார் ஷஹாபுதீன். ஜீனத் சீட்டின் மேல் கையை அழுத்தினாள். கீச்சு கூடியது. எடுத்தாள், அடங்கியது. அவர் டேஷ்போர்டைத் தட்டிப் பார்த்தார், சாவியை எடுத்துவிட்டும் பார்த்தார். கடைசியில் பின்சீட்டின் அடிப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுத்தார். கொக்கி விட்டு அது அப்படியே கிளம்பி வந்தது. அடியில் மணல், நூரீன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது தொலைத்த ஹேர்பின், காய்ந்த பேரீச்சங்கொட்டை. அவருக்குத் தெரியாமல் யாரோ தின்றிருக்கிறார்கள். இவற்றோடு, சீட்டு மடிப்பிலிருந்து நழுவி விழுந்ததுபோல், தோல் நிறத்தில் மொச்சைக்கொட்டை அளவுக்கு வளைந்த ஒன்று, அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய். ஷஹாபுதீன் அதை எடுத்து உள்ளங்கையில் மூடினார். மூடிய கைக்குள் அது கீச்சிட்டது.

"நூரீன் பாட்டு கேக்குறதா இது?"

ஜீனத் வாங்கிப் பார்த்தாள். கடலூரில் அவளுடைய அக்காவின் மாமியார் காதில் இதே மாதிரி ஒன்றை மாட்டியிருப்பதை நேற்றுத்தான் பார்த்துவிட்டு வந்தாள். அந்த அம்மாள் கழற்றிக் கையில் வைத்தால் இப்படித்தான் கத்தும்.

"காது மிஷினுங்க" என்றாள். பிறகு, ஈரக் கையோடு அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டாள். "அவருக்குக் காது கேக்காது. நான் பேசுனது ஒண்ணும் அவருக்குக் கேக்கல."

ஷஹாபுதீனுக்கு உடனே புரியவில்லை. அவள் விளக்கிச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவரிடம் பேர் கேட்டார்கள், கையைத் தூக்கு என்றார்கள், என் விரலைப் பார் என்றார்கள். அவர் ஒன்றும் செய்யவில்லை. மூளையில் அடி என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். வீட்டாருக்குச் சொல்லவும் வழி இருந்திருக்காது. இந்த மிஷின் காதில் இருந்தால் எல்லாமே வேறாக இருந்திருக்கும். இப்போதே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும்.

ஷஹாபுதீன் எதிரே திறந்து கிடந்த காரைப் பார்த்தார். சீட்டு வெளியே, கவர் கொடியில், பெல்ட் ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. போலீஸ் ஒரு தடவை விட்டதே பெரிது, திரும்பப் போய் நிற்கவேண்டுமா என்ற எண்ணம் அவர் முகத்தில் ஓடுவதை ஜீனத் பார்த்தாள். இருபத்தைந்து வருஷ வாழ்க்கையில் அந்த முகம் அவளுக்கு மனப்பாடம். அவர் வேண்டாம் என்று சொன்னால் ஆட்டோ பிடித்தாவது போவது என்று அவள் தீர்மானித்துவிட்டாள். அவர் உள்ளே போனார். சட்டையை மாட்டிக்கொண்டு, ஸ்கூட்டர் சாவியோடு வந்தார்.

"ஏறு" என்றார்.

நேற்றுச் சேர்த்தது நான்தான் என்று ஜீனத் சொன்னதும், வார்டில் இருந்த நர்ஸ் ஆவலோடு எழுந்து வந்தாள். ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் சொன்னால் செய்வதில்லை, அதனால் இன்னொரு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர் என்றாள். அடிபட்டவரின் உதடு வீங்கித் தையல் போட்டிருந்ததால், ராத்திரி ஏதோ சொல்லப் பார்த்தும் யாருக்கும் விளங்கவில்லை என்றாள். ஜன்னலோரக் கட்டிலில் அவர் தலைக்கட்டோடு சாய்ந்திருந்தார். வந்தவர்களைப் பார்த்தார். ஜீனத்தை அடையாளம் தெரிந்ததுபோல் கண் சுருங்கியது.

ஜீனத் கைக்குட்டையை விரித்து, உள்ளே இருந்த மிஷினை அவர் முன்னால் நீட்டினாள்.

அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எடுத்து, தலைக்கட்டை ஒதுக்கி, காதுக்குப் பின்னால் வளைத்து, குழாயின் நுனியை உள்ளே செருகினார். கீச்சுச் சத்தம் நின்றது. அவர் கண்ணை ஒரு கணம் மூடித் திறந்தார். வார்டின் இரைச்சல் முழுவதும் ஒரேயடியாக அவருக்குள் வந்து இறங்குவது வெளியிலிருந்தே தெரிந்தது.

"இப்ப சொல்லுங்கம்மா" என்றார், வீங்கிய வாயால், ஒவ்வொரு சொல்லாக.

அவர் பெயர் கோவிந்தராசு. மில்லில் வேலை பார்த்தவர். தறிச் சத்தத்தில் போன காது. தவளக்குப்பத்துக்குப் பக்கத்திலேயே வீடு, தனியாக இருக்கிறார். மகள் தாமரைச்செல்வி விழுப்புரத்தில். அவள் நம்பரை நர்ஸ் கேட்கக் கேட்க அவர் தப்பில்லாமல் சொன்னார். சரியாகச் சொல்கிறாரா என்பதைக் கேட்டுக்கொண்டிருந்த நர்ஸின் முகம் மலர்ந்துகொண்டே போனது. அவள் டாக்டரைத் தேடி ஓடினாள். ராத்திரி முழுக்க ஆளாளுக்கு வந்து வாயை அசைத்துவிட்டுப் போனார்கள், மூக்குக்கண்ணாடியும் இல்லை, என்ன கேட்கிறார்கள் என்றே பிடிபடவில்லை, கிறுக்குப் பிடித்துவிட்டது என்று எங்கேயாவது சேர்த்துவிடுவார்களோ என்று பயந்துபோனேன் என்றார் கோவிந்தராசு.

பிறகு ஜீனத்தைப் பார்த்தார்.

"வண்டில நீங்க பேசிக்கினே வந்தீங்க. கண்ணாடில உங்க வாயி அசையறது தெரிஞ்சிது. என்னா சொல்றீங்கன்னு எனக்குத் தெரியல. ஆனா இந்தம்மா இன்னும் பேசிக்கினு இருக்காங்க, அப்ப நான் இன்னும் போகலன்னு நெனச்சேன். கண்ண மூடல."

ஷஹாபுதீன் முன்னால் வந்து, அந்தப் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு, மகள் வரும்வரை நாங்கள் இருக்கிறோம் என்றார். அவர் அப்படிச் சொல்வார் என்று ஜீனத் எதிர்பார்க்கவில்லை. கடைப்பையனுக்குப் போன் பண்ணி, இன்றைக்கு மதியத்துக்கு மேல்தான் வருவேன் என்றும் சொன்னார். தாமரைச்செல்வி வந்து அப்பாவைப் பார்த்து அழுது முடிக்கும்வரை இருவரும் இருந்துவிட்டுத்தான் கிளம்பினார்கள்.

வீட்டுக்கு வந்தபோது நிழல் போய்விட்டிருந்தது. திறந்து கிடந்த காருக்குள் வெயில் நேராக விழுந்து, துணி ஓரளவு காய்ந்திருந்தது. கறை வெளிர்ந்து ஒரு மங்கலான வட்டமாக நின்றது. ஜீனத் அதன்மேல் ஆப்பசோடாவைத் தூவினாள். வாடையை அது இழுத்துக்கொள்ளும், கொஞ்சம் பொறுத்து வேக்குவம் போட்டு உறிஞ்சிவிடலாம். அதுவரை செய்வதற்கு ஒன்றுமில்லை. ஷஹாபுதீன் முன்சீட்டில் காலை வெளியே போட்டு உட்கார்ந்தார். அவள் அடுத்த கதவில், டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள்.

"அவ்ளோ தூரம் அவருகிட்ட என்னா பேசுன?" என்று கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். குர்ஆன் ஓதினேன் என்று சொல்லியிருக்கலாம், அதையும்தான் ஓதினாள். ஆனால் கேட்டவர் முகத்தைத் திருப்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நூரீன் போனதுலேர்ந்து வீட்ல சத்தமே இல்லன்னு சொன்னேன். நீங்க வர்றீங்க, சாப்புடுறீங்க, கடயப் பத்தி ரெண்டு வார்த்த சொல்றீங்க, படுத்துக்கிறீங்க. நான் பகல் பூரா ஒருத்தர்கிட்டயும் வாயத் தொறக்கறதில்ல. சில நாளு என் கொரலு எனக்கே மறந்துபோவுது. அதுக்குத்தான் வண்டி ஓட்டக் கத்துக்கிட்டேன்னு சொன்னேன். எங்கயாவது போயி யார்கிட்டயாவது பேசணும்னு."

சொல்லி முடித்ததும் அவளுக்கு உடம்பு சுட்டது. நேற்று ஓர் அந்நியரிடம் சொன்னபோது இப்படிச் சுடவில்லை. ஷஹாபுதீன் டேஷ்போர்டின் மேல் இருந்த தூசியை விரலால் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார்.

"எனக்கும் வீட்டுக்கு வந்தா என்னா பேசறதுன்னு தெரியல ஜீனத்" என்றார். "அவ இருந்தப்ப அவளே பேசிக்கிட்டு இருப்பா."

இரண்டு பேரும் அந்தக் காரில் எங்கேயும் போகாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு வேக்குவம் கிளீனருக்கு வயர் இழுக்க அவர் எழுந்து போனார். வெள்ளைப் பொடியை உறிஞ்சி எடுத்தார்கள். சீட்டைத் தூக்கி வைத்து, இருவருமாக முழங்காலால் அழுத்தியபோது கொக்கிகள் டக்கென்று விழுந்தன. ரெக்ஸின் கவரை மாட்டலாமா என்று ஜீனத் கேட்டாள். இன்னும் நன்றாகக் காயட்டும் என்றார் அவர்.

போலீஸ்காரர் ஒரு தடவை கூப்பிட்டார். நடந்ததைச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டு, நல்ல காரியம் செய்தீர்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். கோவிந்தராசு வீடு திரும்பிவிட்டதாகத் தாமரைச்செல்வி சொன்னாள். அப்பாவைத் தன்னோடு விழுப்புரத்துக்கு வரச்சொன்னால் பிடிவாதம் பிடிக்கிறார் என்று குறைப்பட்டுக்கொண்டாள். அதன் பிறகு அவள் அவ்வப்போது ஜீனத்தைக் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. எடுத்தால் லேசில் வைக்கமாட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, மீன் வாங்க வைத்திக்குப்பத்துக்குப் போகலாமா என்று ஷஹாபுதீன் கேட்டார். எப்போதும் அவர் மட்டும் ஸ்கூட்டரில் போய்வருவதுதான். சாவியை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்து சீட்டில் ஏறினார். மீன் வாடை காரில் ஏறுமே என்று ஜீனத் கேட்டாள். ஏறினால் கழுவிக்கொள்ளலாம் என்றார். வீதி திரும்பியதும், கடையில் நின்று நின்று தனக்குக் குதிகால் வலிப்பதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். எத்தனை நாளாக என்று அவள் கேட்டாள். ரொம்ப நாளாக என்றார். இதை ஏன் சொல்லவில்லை என்று அவள் கோபப்பட்டாள். இடதுபக்கம் பார்த்து ஓட்டு, ஆட்டோ வருகிறது என்றார் அவர். எனக்குத் தெரியும், நீங்கள் குதிகாலைச் சொல்லுங்கள் என்றாள் அவள்.